ஒரேயொரு கூட்டத்துக்கு அங்கத்தவன்

எட்டு வயதிலேயே நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து வாக்களித்தவன். அதற்குப் பிறகு இன்றுவரை என் பொதுவாழ்வு இறங்குமுகம்தான்.

அது யுத்தகாலம். அப்பா மலாயாவில் றெயில்வே கிளாக்கர். யப்பான்காரன் அங்கே இறங்கிய பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. இணுவிலில் அம்மா தோட்டத்தையும் எங்களையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பனோடு சங்கக்கடைக்குத்தான் போகவேண்டும். அந்தச் சங்கத்தில் அம்மாவின் பேரில் ஒரு பங்கு இருந்தது. ஆனால் பங்கு வாங்கப் பெண்கள் ஆகும், கூட்டத்துக்கு ஆகாது. கடை வரிசையிலும் அதே முறைதான். ஆண்கள் எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் பெண்கள். அம்மாவின் முறை வரும்போது அரிசியில் குறுநொய்யும் மண்ணெண்ணெயில் வாசமும் மிஞ்சியிருக்கும். நானும் தங்கச்சியும் பொழுதுபட்டும் சாப்பிடாமல் அடுப்படியைச் சுற்றிக்கொண்டு நிற்போம்.

இந்த அருமையான முறையை ஏற்படுத்தியவர் சங்கத் தலைவர். அவர் அம்மாவின் சொந்த அண்ணன், எனக்கு மாமா. ஒருநாள் தோட்டத்துப் பக்கம் வந்தவரிடம் அம்மா நேரே கேட்டார்.

“ஏன் அண்ணை, எல்லாரையும் ஒரே வரிசையிலை விட்டால் என்ன?”

“ஆம்பிளையளுக்கு வேலை வெட்டி இருக்குது, தங்கச்சி. பொம்பிளையள் வீட்டிலை சும்மாதானே.”

அம்மா அப்போது முழங்கால் வரை சேறாக, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். மாமா சேறு படாமல் வரம்பில் நின்றார்.

“அப்ப நான் கூட்டத்திலை வந்து கதைக்கிறன்.”

“உனக்கென்ன விசரே? வீட்டு ஆம்பிளை ஆரையாவது அனுப்பு. அதுதான் முறை.”

“ஆரெண்டாலும் பறவாயில்லையோ?”

“ஆம்பிளை எண்டால் சரி.”

வீட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தோம். என் அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்தது. கூட்டத்தன்று காலையிலேயே அவன் வேட்டி கட்டித் தலையைப் படிய வாரிக்கொண்டு ஆயத்தமாக நின்றான். அம்மா அவனைத் துலாவில் தண்ணீர் இறைக்க அனுப்பிவிட்டு, அப்பாவின் சால்வையை என் தோளில் போட்டார். சால்வை நிலத்தில் இழுபட்டது.

“எல்லாருக்கும் ஒரே வரிசை வேணுமோ எண்டு கேப்பினம். அப்ப கையைத் தூக்கு. விளங்குதோ?”

“ஓம்” என்றேன். எனக்கு எல்லாமே விளங்கியிருந்தது. என் கெட்டித்தனத்தை அம்மா கடைசியில் கண்டுகொண்டார் என்பது உட்பட.

கூட்டம் எங்கள் முற்றத்தில்தான் நடந்தது. மாமா வீட்டில் வைக்க வழியில்லை. அது மாமியின் சீதன வீடு. வெற்றிலை துப்புகிறவர்களை அவர் வாசல் படலை தாண்ட விடுவதில்லை. எங்கள் வீடும் அம்மாவின் சீதனம்தான். சொல்லப்போனால், அன்று பாயில் சம்மணமிட்டிருந்த பெரிய மனிதர்களில் பாதிக்கு மேல் பெண்சாதியின் வீட்டில் படுத்தெழும்பி வந்தவர்கள்.

நான் அவர்கள் நடுவில் அமர்ந்தேன். சிலர் சிரித்தார்கள். “முறைப்படி வந்திருக்கிறான், இருக்கட்டும்” என்றார் மாமா.

பேச்சு நெடுநேரம் நடந்தது. முடிவில் மாமா, “இப்ப இருக்கிற முறையே இருக்கட்டும் எண்டுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ” என்றார். என்னைச் சுற்றிக் கைகள் மளமளவென்று எழும்பின. அத்தனை கைகளுக்கு நடுவில் என் கை மட்டும் மடியில் கிடப்பது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. தூக்கிவிட்டேன். அடுத்து, “எல்லாருக்கும் ஒரே வரிசை வேணுமெண்டுற ஆக்கள்?” என்றார். அப்போதுதான் அம்மாவின் சொல் ஞாபகம் வந்தது. விட்ட பிழைக்கு ஈடாக இரண்டு கைகளையும் தூக்கினேன்.

முற்றம் சிரிப்பில் அதிர்ந்தது. கைகளை எண்ணிப் பார்த்தபோது சிரிக்க முடியவில்லை. என்னைக் கழித்துவிட்டால் இரண்டு பக்கமும் சரிசமம்.

பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். “தம்பி, நீ எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

“அதெப்பிடியடா?”

“எனக்கு ரெண்டு கை இருக்குதுதானே.”

“இது சரிவராது. ஒண்டும் விளங்காத குழந்தைப்பிள்ளையின்ரை கையை எப்பிடிக் கணக்கெடுக்கிறது?” என்றார் வாத்தியார்.

“அப்ப விளங்கிற ஆளின்ரை கையை எடுங்கோ” என்றது ஒரு குரல்.

அம்மா. அடுப்படித் தட்டிக்குப் பின்னாலிருந்து கோப்பித் தட்டோடு வந்தார். தட்டை மாமாவின் முன்னால் வைத்தார்.

“பங்கு என்ரை பேரிலை கிடக்குது. அதுக்கு நானே கை தூக்கிறன்.”

“தங்கச்சி, சபைக்குப் பொம்பிளையள் வாறேல்லை” என்று மாமா குரலைத் தாழ்த்தினார்.

“நான் எங்கை வந்தனான், அண்ணை? இது என்ரை சீதன வீட்டு முத்தம். வந்திருக்கிறது நீங்கள்.”

ஒருவரும் கோப்பியைத் தொடவில்லை. எல்லோரும் தங்களுக்குக் கீழே விரித்திருந்த பாயைப் பார்த்தார்கள். அதுவும் அம்மாவுடையது. கடைசியில் வாத்தியார்தான் கோப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, “தலைவர், எண்ணுங்கோ” என்றார்.

“எழும்படா” என்று அம்மா என்னைத் தூக்கிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் உயர்த்தினார். மாமா அந்தக் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு எண்ணினார்.

அடுத்த கிழமையே கடையில் ஒரே வரிசை. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு பக்கத்து வளவுப் பெண்களும் வந்து அமர்ந்தார்கள். அந்த மாபெரும் மாற்றத்தில் பதவி பறிபோன ஒரே ஆண்மகன் நான். கூட்டத்தன்றே கிணற்றடியில் நின்று அழுதேன். அண்ணன் துலாக்கொடியை விட்டுவிட்டு, “பெரியவர், சால்வையாலை மூக்கைத் துடையும்” என்றான்.

“நீ கெட்டிக்காரன் எண்டால் அம்மா உன்னையல்லோ அனுப்பியிருப்பா!” என்று கத்தினேன்.  அவன் பனையோலைப் பட்டையிலிருந்த தண்ணீரை என் தலையில் ஊற்றினான்.

அம்மா ஏன் அவனை அனுப்பவில்லை என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. அண்ணன் போயிருந்தால் ஒழுங்காக ஒரு கையைத் தூக்கியிருப்பான். எல்லோரும் அவன் முதுகில் தட்டி, அந்த இடத்தை அவனுக்கே கொடுத்திருப்பார்கள். பிறகு அம்மாவால்கூட அவனை எழுப்பியிருக்க முடியாது.