இது அம்மை இல்லை

மகளுக்குக் காய்ச்சல் கண்ட மறுநாள் காலை, கழுத்திலும் மார்பிலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது. நான் பால் வாங்கித் திரும்புவதற்குள் வாசலில் வேப்பிலை தொங்கியது. கட்டியவர் அண்ணி, என் கணவரின் அக்கா. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து வேங்கிக்காலில் எங்களோடுதான் இருக்கிறார். அம்மை போட்டிருக்கிறது, மருந்து கூடாது, வீட்டில் தாளிக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் போட்டார். கணவர் வெளியூரில் வேலையாக இருந்தார். போனில் அக்கா சொன்னதற்கெல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருப்பார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மூத்தவனுக்கு அம்மை போட்டபோது பார்த்திருக்கிறேன். மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, ஓயாமல் இருமினான். இவளுக்கு அதெல்லாம் இல்லை. தொண்டைதான். எச்சில் விழுங்கவே அழுதாள். வயிற்றைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. கன்னமெல்லாம் சிவந்திருக்க, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாக மேடு தட்டியிருந்தது. என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மை இல்லை என்று மட்டும் தெரிந்தது. அது போதும், இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அண்ணி கெட்டவர் இல்லை. ராத்திரி முழுக்கக் கண் விழித்து விசிறியவர். பயம்தான் அவருக்கு. "மருந்து குடுத்தா ஆத்தாவுக்குக் கோவம் ஜாஸ்தியாயிடும். கொழந்தைக்கு எதனா ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?" என்றார். சொல்வேன் என்றேன். வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

தாண்டிப் போயிருப்பேன். ஆனால் நான் வேலைக்குப் போனால் மருந்து கொடுக்க வேண்டியவர் அவர்தானே. அப்போதுதான் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. அம்மை கண்டவர் அம்மனேதான், கேட்டதை மறுக்கக்கூடாது என்பார்கள். மகள் இளநீர் கேட்டதும் அவரே ஓடிப்போய் வாங்கி வந்திருந்தார். மகளை அவர் முன்னால் உட்காரவைத்துக் கைகூப்பினேன்.

"தாயே, உனக்கு இன்னா வேணும்?"

"டாக்டர்கிட்ட போவணும்மா. தொண்ட வலிக்குது."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தோன்றியிருந்தால் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அண்ணி என்னை முறைத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பௌர்ணமி என்பதால் ஆட்டோ கிடைக்கவில்லை. மலை சுற்ற வந்த கூட்டத்துக்குள் புகுந்து, இருவரும் பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். டாக்டர் நாக்கையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஸ்கார்லெட் காய்ச்சல் என்றார். தொண்டையில் பிடித்த கிருமி, விட்டுவைத்தால் இதயத்தையே கெடுத்துவிடலாம் என்றார். காய்ச்சல் விட்டாலும் மருந்தை நடுவில் நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

சில நாளில் காய்ச்சல் விட்டது. விரல் நுனிகளில் தோல் உரிந்தது. மருந்து கசப்பு என்று மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கணவர் போனில், அதான் சரியாகிவிட்டதே, போதும் விட்டுவிடலாமே என்றார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஆத்தா வாய் தொறந்து கேட்ட மருந்துடா இது. நடுவுல நிறுத்தறதுக்கு நீ யாரு?"