வெயிலில் சுருங்காத கண்கள்

எங்கள் பூனைக்குப் பதினேழு வயது இருக்கும். மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது உடையார்பாளையம் வீட்டுக்கு வந்தது. மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு பகலெல்லாம் எனக்கு அதுதான் துணை.

போன தை மாதம் ஒருநாள் அதைத் தூக்கியபோது கையில் கனமே இல்லை. முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது. மயிர் அடர்த்தியாக இருந்ததால் இத்தனை நாள் பார்வைக்குத் தெரியவில்லை.

என் கணவருக்கு முந்திரிக்கொட்டை வியாபாரம். அவருடைய எடை மெஷினில் துணிப்பையோடு அதை வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோகூட இல்லை.

"வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். வுடு" என்றார் அவர்.

வேறொன்றும் உறுத்தியது. அது தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பதே முன்பெல்லாம் அபூர்வம். இப்போது தொட்டி விளிம்பில் உட்கார்ந்து விடாமல் நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாவப்போற பூன வூட்ட வுட்டுப் போயிடும்க்கா. கதவச் சாத்தியே வைங்க."

அன்று முதல் கதவைச் சாத்தினேன். பூனை பின்கதவடியில் உட்கார்ந்து கத்தியது. அதுவரை கேட்டிராத, அடித்தொண்டைக் குரல். ஞாயிறுதோறும் எடை பார்த்தேன். ஒரு வாரம்கூட ஏறவில்லை.

பங்குனியில் ஒரு காலை, முற்றத்தில் நல்ல வெயில். பூனை என்னைப் பார்த்தபடி நின்றது. அந்த வெளிச்சத்தில் கண்மணி கோடாகச் சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு கண்ணும் முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தன. முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். இமைக்கவில்லை. இரண்டு அடி நடந்து தவலையில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கூடையில் வைத்துப் பஸ் ஏறி ஜெயங்கொண்டம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டுக்காரர்களுக்கு நடுவே காத்திருந்து உள்ளே போனதும், டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"தண்ணி ரொம்பக் குடிக்குதா?"

"ரெண்டு மூணு மாசமா குடிக்குதுங்க."

ரத்தம் எடுத்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "கிட்னி கெட்டுப்போச்சும்மா. அதனால ரத்தக்கொதிப்பு ஏறிக் கண்ணு போயிருக்கு. இளைக்க ஆரம்பிச்சப்பவே கொண்டாந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் நல்லா வச்சிருந்திருக்கலாம்."

"வயசாயிடுச்சுன்னு நெனச்சிட்டோங்க."

"எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க. மாத்திரை குடுங்க. வூட்ல சாமான எடம் மாத்தாதீங்க, அது பழகிக்கும்."

கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய், காலையில் கூடத்தில் இறக்கியிருந்த முந்திரி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்கட்டில் வைத்தார். அப்புறம் கூடத்தில் ஒரு மூட்டையும் இறங்கவில்லை.

மீசையால் சுவரை உரசிக்கொண்டு பூனை வீட்டைக் கற்றுக்கொண்டது. மாத்திரையை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். சில நாள் மடியில் ஏறிப் படுத்துக் குர்குர்ரென்று சத்தம் போடும். அதைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எடை குறைந்துகொண்டேதான் இருந்தது.

ஆடியில் சாப்பாட்டை நிறுத்தியது. வாயில் ஒரு நெடி. மீனை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "இனிமே அதுக்கு வேதனைதாம்மா. கூட்டிட்டு வாங்க, ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்" என்றார்.

கணவரிடம் கேட்டேன். "நாளைக்குப் பாப்பம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அதற்கு வலிப்பு வந்தது. கால்கள் இழுத்துக்கொள்ள, தரையில் கிடந்து துடித்தது. அவர் வேட்டித் துண்டில் சுற்றி எடுத்தார். பஸ்ஸில் கூடை வேண்டாம் என்று மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஊசி போடும்போது, "வலிக்குமாங்க?" என்று கணவர் கேட்டார்.

"இதுல வலிக்காதுங்க" என்றார் டாக்டரம்மா.

வலிக்கவில்லை. வலித்ததெல்லாம் அதற்கு முந்தைய மூன்று நாளில்தான். அதை நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.