கேப்சூலின் கூடு

போன வாரம் பக்கத்து வீட்டு சல்மாவின் மகள் பார்மசி படித்துப் பட்டம் வாங்கினாள். பட்டமளிப்பு விழாவுக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் கறுப்புப் பெண், வியட்நாம் பையன், நம்ம ஊர்ப் பெண், வெள்ளைக்காரன் என்று நான்கு பேர் தோளோடு தோள் நின்று சிரித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எண்ணத் தெரியும். மேடையில் நம்மவர்களும் வியட்நாம் பிள்ளைகளும் வந்துகொண்டே இருந்தார்கள். கறுப்புப் பிள்ளைகளை எண்ண என் ஒரு கை விரல்களே போதும். அட்டையில் முன்னால் நிறுத்தியவர்களை மேடைக்கு ஏன் கூட்டிவரவில்லை?

"ஆன்ட்டி, இங்கயும் கவுன்ட் பண்றீங்களா? கை தட்டுங்க" என்றாள் சல்மா.

தட்டினேன். பிறகு அந்தப் பெண் புது வெள்ளைக் கோட்டோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்த மொடமொடத்த துணியின் வாடை என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

அமெரிக்காவுக்கு, சுகர் லேண்டில் இருக்கும் மகனிடம் நாங்கள் வந்த புதிது. தெருமுனை மருந்துக்கடையில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள். ஒருவன் தினேஷ், சென்னைப் பையன். மற்றவள் நைஜீரியாக்காரி, நெடுநெடுவென்று கறுப்பாக இருப்பாள். பத்துப் பேர் நின்றாலும் நான் தினேஷ் வரிசையில்தான் நிற்பேன். தப்பித்தவறி அவள் கொடுத்தால் பாட்டிலைத் திறந்து அவள் முன்னாலேயே மாத்திரைகளை எண்ணுவேன். அவளும் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வயிற்று வலி. கேப்சூல் எழுதிக் கொடுத்தார்கள். அதன் கூட்டைப் பன்றித் தோலில் செய்வதுண்டு என்று பள்ளிவாசலில் ஒருத்தி சொல்ல, ஓடிப்போய் தினேஷிடம் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, வெஜ்தான். தைரியமா குடுங்க."

அவன் பாட்டிலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்ம முகம், நம்ம பேச்சு. மூன்று மாதம் என் கையாலேயே கொடுத்தேன்.

ஒரு நாள் அவன் லீவு. மனசு கேட்காமல் அவளிடமே பாட்டிலை நீட்டி, "பிக்? நோ பிக்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பொடி எழுத்தை வாசித்தாள், போனை எடுத்தாள், என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். போலீஸைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் பையை இறுக்கிக்கொண்டேன். பேசி முடித்து வெளியே வந்தாள்.

"ஐ கால்டு தி கம்பெனி. பிக், மம்மா. ஐ ஆம் சாரி."

டாக்டருக்கும் அவளே போன் செய்து வேறு மாத்திரை வாங்கித் தந்தாள். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்: இவ்வளவு மெனக்கெட்டு இவளுக்கு என்ன ஆகப்போகிறது? என் முகத்திலேயே அதைப் படித்துவிட்டாள் போலும்.

"மை மதர், சேம் லைக் யூ. ஆஸ்க், ஆஸ்க், ஆஸ்க்!"

புது மாத்திரையை வீட்டுக்காரர் உருட்டிப் பார்த்தார். "ஏன் மாத்திட்டாங்க?"

"இது இன்னும் நல்லதாம், மச்சான்."

ஐந்து வேளையும் தொழுத மனிதர். தெரியாமல் தின்றது பாவமில்லை என்பார்கள். தெரிந்த பிறகும் நான் மறைத்தது? அதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது அவர் இல்லை. கடையும் போய்விட்டது, அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். தினேஷின் பெயர், அவன் அம்மா பிறந்த ஊர் எல்லாம் நினைவில் இருக்கிறது. அவள் கோட்டிலும் பெயர் எழுதித்தான் இருந்தது. அது என்ன என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.