சந்தனம் அப்பிய பேஸ் கிட்டார்

எங்கள் குடும்பத்து ஆட்களுக்கு ஒரு பொருள் பிடித்துப்போனால் அதை உபயோகிக்க மாட்டார்கள். கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கிள்ளானில் என் அண்ணன் வீட்டு சாமி அறையில் அவருடைய பேஸ் கிட்டார் அப்படித்தான் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காகச் சாய்ந்து நின்றது. பாட்டுக்கு அடியில் கனத்து ஓடும் ஒலிக்கான நாலு தந்திக் கிட்டார். ஜப்பானில் செய்தது, எழுபதுகளின் சரக்கு. கல்யாணத்துக்கு முன்பு அண்ணன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்தார். பெண் பேசப் போன இடத்தில், "மாப்பிள்ள கூத்தாடியா?" என்று யாரோ ஒரு பெரியப்பா கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளை அரசாங்க வேலை போதும் என்று அடங்கிக்கொண்டார். கிட்டார் சாமி அறைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அண்ணி அதற்குச் சந்தனம் வைப்பார். மற்ற வீடுகளில் புத்தக மூலையில் ஒரு பொட்டு வைத்தால் முடிந்தது. அண்ணிக்கு அதெல்லாம் கஞ்சத்தனம். தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று இரண்டு கறுப்புப் பெட்டிகள் இருக்கும். தந்தி அதிர்வதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது அவைதான். அந்த இரண்டின் மேலும் பட்டை பட்டையாகப் பூசுவார். வால்யூம் திருகுக்கு ஒரு பொட்டு, வயர் சொருகும் ஓட்டைக்கு ஒரு பொட்டு. சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாதாம். அதனால் அடுத்த வருடம் காய்ந்த சந்தனத்தின் மேலேயே ஈரச் சந்தனம். அண்ணன் பக்கத்தில் நின்று பயபக்தியோடு மணி ஆட்டுவார். வாசிப்பாரா என்றால், மாட்டார்.

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் விஷயம் என் தலையில் விழுந்தது. அண்ணன் மகள் பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, ரிசப்ஷன்ல அப்பா ஒரே ஒரு பாட்டுக்காச்சும் வாசிக்கணும். நான் பொறந்ததுலேர்ந்து ஒரு தடவகூட கேட்டதில்ல. எனக்கு வேற எதுவும் வேணாம். நீங்கதான் அதை ரெடி பண்ணிக் கொடுக்கணும்."

கோயில் ஒலிபெருக்கி, மண்டபத்து ஆம்ப்ளிபயர் எல்லாம் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று மூக்கைச் சுளித்த அதே குடும்பம்தான். சரி, குழந்தை ஆசைப்படுகிறாள். காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

கிட்டாரைத் தூக்கியதும் அண்ணி கேட்ட முதல் கேள்வி, "சந்தனத்த என்னா பண்ணுவ?"

"சுரண்டி எடுப்பேன் அண்ணி."

"ஐயையோ, சாமி பொருள்மா. கால் படுற எடத்துல கொட்டிறாத."

சுரண்டிய தூளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் வாசலைத் தாண்ட விட்டார்.

கடையில் மேசைமேல் போட்டுத் திறந்து பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சந்தனத்தின் ஈரம் பிக்கப்புக்குள் இறங்கி, உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பியைப் பச்சை பிடிக்க வைத்து அரித்துத் தின்றிருந்தது. வயர் ஓட்டைக்குள் சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது. தந்திகளை ஒருவரும் தளர்த்தி வைக்காததால், அவை இழுத்த இழுப்பில் கழுத்து முன்பக்கம் வில்லாக வளைந்துவிட்டது. குப்பைத் தொட்டியில் கிடந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டுப்போயிருக்காது. பக்தியோடு கெடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து, பழைய கிட்டார்களை வாங்கிச் சுவரில் மாட்டுகிற ஒருவர் தன் ஆம்ப்ளிபயரை எடுத்துப்போக சுபாங் ஜெயாவிலிருந்து வந்தார். மேசையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாத குறை.

"அக்கா, இத தொடாதீங்க லா! ஒரிஜினல்! அந்தக் கறையெல்லாம் அப்படியே இருந்தாத்தான் அழகு."

"நீங்க வாசிப்பீங்களா?"

"இல்லக்கா, கலெக்ட் மட்டும் பண்றேன்."

நம் அண்ணிக்குத் தூரத்துச் சொந்தமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய ஆம்ப்ளிபயரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டுச் சுரண்ட உட்கார்ந்தேன்.

தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை வாங்கி, இரண்டு பிக்கப்பையும் புதிதாகச் சுற்றினேன். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அறுந்தது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மறுபடி சுற்றினேன். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதன் முனையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு ஒரு நாள் சும்மா விட வேண்டும், மறுநாள் இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அந்தக் கழுத்துக்காகப் பொறுமையாக இருந்தேன்.

புதுத் தந்தி மாட்டி, அண்ணனை வரச்சொல்லி, கையில் கொடுத்தேன். அவர் முதல் தந்தியைத் தட்டியதும் அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. அண்ணன் பயந்துபோய்க் கையால் தந்தியை அமுக்கிவிட்டார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கோ?"

"இருக்கத்தாண்ணே வேணும்."

அதன்பிறகு சாயங்காலங்களில் கடைக்கு வந்து பழகினார். மகளுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டு. விரல் நுனி கொப்பளித்தது. பாட்டு கைக்கு வந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் ஒரே பல்லவியைப் பாடியது: "சம்பந்தி வீட்டு ஆளுங்க அத்தன பேரும் இருப்பாங்க. தப்பா போயிருச்சுன்னா?" கூத்தாடியா என்று கேட்ட பெரியப்பா செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அண்ணன் இன்னும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிசப்ஷன் அன்று என் சொந்த ஆம்ப்ளிபயரையே கொண்டுபோய் மேடையில் வைத்து, வயரையும் மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அண்ணன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கோட்டு சூட்டோடு ஏறினார், கிட்டாரை மாட்டினார், பாடகி பாட ஆரம்பித்தார். பேஸ் வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு பிசிறு இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நான் சுற்றிய பிக்கப் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாதா? பார்த்தால், நான் மாட்டிவிட்ட வயர் கழன்று அவர் காலடியில் சுருண்டு கிடக்கிறது.

ஒலி அமைப்புக்காரரிடம் ஓடினேன். பாட்டுக்குப் பின்னணி இசை முழுவதும் அவருடைய லேப்டாப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"டிரேக்லயே பேஸ் இருக்குக்கா. அங்கிள் சும்மா புடிச்சிக்கிட்டு நின்னா போதும்னு சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு லா."

சரியென்றாராம்! மகள் கேட்டது இதையா? மணவறை நாற்காலியில் அவள் கண்கொட்டாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா வாசிப்பதாக நம்பிக்கொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறி, வயரை எடுத்து, கிட்டார் ஓட்டையில் ஒரே சொருகாகச் சொருகினேன்.

மண்டபமே அதிர்ந்தது. கூடவே அபசுரம். ஒன்றிரண்டு இல்லை, அவர் தொட்ட ஒவ்வொரு சுரமும் பாட்டோடு முட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாடகியின் குரல் சளியில் கட்டியிருந்தது, யாரிடமும் சொல்லாமல் டிரேக்கின் சுருதியை அரைக்கட்டை இறக்கிவிட்டிருக்கிறார்கள். அண்ணன் பழகியபடியே விரல் வைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டு மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. அண்ணன் முகம் வெளுத்துப்போனது. அவர் எதற்கு அத்தனை நாள் பயந்தாரோ அதை என் கையாலேயே நடத்திக்கொடுத்துவிட்டேன்.

அண்ணன் கையை நிறுத்தினார். வயரைப் பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு தந்தியை மட்டும் மெல்லத் தொட்டுக் கேட்டார். கிட்டார் கழுத்தில் கையை ஒரு கட்டம், அதாவது அந்த அரைக்கட்டை, கீழே நகர்த்தினார். பாட்டு திரும்பி வரும் இடத்துக்குக் காத்திருந்து இறங்கினார்.

பொருந்தியது. அடுத்த சரணத்தில் லேப்டாப் வாசித்ததை அவர் வாசிக்கவில்லை. தனக்குத் தோன்றியதை வாசித்தார். ஒலி அமைப்புக்காரர், நான் சொல்லாமலேயே, டிரேக்கின் சத்தத்தைக் குறைத்தார். கல்யாணப் பெண் மாலையோடு எழுந்து நின்றுவிட்டாள். அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மேடைப் படியில் என் பக்கத்தில் அண்ணி வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் மேடையை விட்டு நகரவில்லை.

"யாரு, இவரா வாசிக்கிறாரு?"



"ஆமா அண்ணி. உங்க வீட்டுக்காரருதான்."