பூசணிக்காய்க்குள் இருந்த ராஜகுமாரன்

எண்பதுகளின் தொடக்கத்தில் கீழப்பழுவூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. இரண்டாம் வகுப்பு. பாடம் சீக்கிரம் முடிந்தால் கதை சொல்வேன். தலைமையாசிரியருக்கு அது பிடிக்காது. விடுகதை போட்டால் மூளை வேலை செய்யும், பாட்டு சொல்லிக்கொடுத்தால் நாக்கு திருந்தும், பேசும் கிளியையும் பறக்கும் கட்டிலையும் சொன்னால் பிள்ளைகள் பொய்யில் ஊறிப்போகும் என்பார்.

ஒருநாள், சூனியக்காரிக்குப் பயந்து பூசணிக்காய்க்குள் ஒளிந்துகொண்ட ராஜகுமாரனின் கதையைச் சொன்னேன். மறுநாள் காலை ஒரு தாய் பெரிய பூசணிக்காயைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் வந்தார். முந்தானையைப் பிடித்தபடி அவருடைய மகள், என் வகுப்புச் சிறுமி.

"நீங்களே கேளுங்க டீச்சர். அருவாமனைய எடுத்தா காய் மேல படுத்துக்கிட்டு அழுவுறா. சாயங்காலம் வூட்டுக்கு விருந்தாளி வராங்க, நான் என்னத்த வச்சிக் கொழம்பு வைக்கிறது?"

எனக்கு வியர்த்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர், பார்த்தீர்களா என்பது போல் என்னைப் பார்த்தார். பிறகு சிறுமியிடம், காய்க்குள் விதையும் நாரும்தான் இருக்கும், ஆள் இருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். தட்டிப் பார்த்தீர்களா என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். அவர் தட்டினார். தூங்கிக்கொண்டிருப்பார், காதை வைத்துக் கேளுங்கள் என்றாள். அதையும் செய்தார். மற்ற வகுப்புகளெல்லாம் காலியாகி, பள்ளிக்கூடமே எங்களைச் சுற்றி நின்றது.

சத்தம் ஏதும் இல்லை என்றார்.

"மூச்சு விடுற சத்தம்கூட இல்லீங்களா சார்?"

மறுபடி காதை வைத்தார். இந்த முறை தன் மூச்சையே அடக்கிக்கொண்டு கேட்டார். கோபமாக வந்த தாயும் தன்னை மறந்து, "இருக்காருங்களா?" என்று கிசுகிசுத்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. கரும்பலகையைத் துடைப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

சிறுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே காய் மீது காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"போயிட்டாரும்மா. காலையில அரியலூர் பஸ்ஸுல போயிட்டாரு."

தப்பித்தோம் என்று நான் நினைக்கும்போது தலைமையாசிரியர் நெற்றியைச் சுருக்கினார். "இன்னைக்கு அந்த பஸ் நம்மூர்ல நிக்கவே இல்லையேம்மா?"

"ராஜகுமாரன் கை காட்டுனா நிப்பாட்டுவாங்க சார்."

அவர் யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்று தலையாட்டினார்.

பிள்ளை பொய்யை நம்பிவிட்டாளே என்று பயந்தவள் நான். அவளோ ராஜகுமாரனை எப்போது உள்ளே வைக்க வேண்டும், எப்போது வெளியே அனுப்ப வேண்டும் என்று தெரிந்தே வைத்திருந்தாள். அன்று விருந்தாளிகளோடு உட்கார்ந்து அவளும் அந்தக் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாளாம்.