சொந்தக்காரர் வாங்கினால் கொமிசன் இல்லை

நான் செய்யும் வேலையை எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் சரியாக விளங்கப்படுத்த முடிந்ததில்லை. "அவா போனில என்னவோ விக்கிறா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் எதையும் விற்பதில்லை. யாரோ விற்கும் பொருளை வாங்கிப் பாவித்துப் பார்த்து, நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் வீடியோவில் சொல்வேன். வீடியோவின் கீழே ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டுக் கடைக்குப் போய் யாராவது வாங்கினால் எனக்குக் கொமிசன் வரும். கலியாணத் தரகர் வேலைதான். மாப்பிள்ளைக்குப் பதிலாகத் தேங்காய் திருவும் மெசின், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு முன் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தேன். விடியமுன் பஸ், பொழுதுபட்டபின் வீடு, இடையில் நாள் முழுக்க ஒரே கதிரையில் இருந்து காற்சட்டைகளுக்குப் பை தைப்பது. என் முதுகையும் நாரியையும் அந்தக் கதிரை தின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்கிறார், மழை தொடங்கினால் அவருக்கும் வேலை இல்லை. அதனால் கொமிசனில் வீடு ஓடும் என்று தெரிந்த மாதமே தொழிற்சாலைக்கு ஒரு கும்பிடு போட்டேன். திரும்பிப் போவதை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன்.

கடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு வலையமைப்பு இருக்கும். எந்த வாடிக்கையாளர் யார் சொல்லி வந்தார் என்று கணக்குப் பார்ப்பது அதன் வேலை. நான் பல வலையமைப்புகளில் சேர்ந்து பார்த்துவிட்டேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அது விளம்பரமாகிவிடும், அதற்குக் கொமிசனும் வராது.

முதலில் சேர்ந்தது ஒரு பெரிய வெளிநாட்டு வலையமைப்பு. ஊசி முதல் உழவு இயந்திரத்தின் உதிரிப்பாகம் வரை அங்கே கிடைக்காதது இல்லை, கொமிசனும் சொன்ன நாளில் வரும். ஆனால் அதன் ஞாபகசக்தி ஒரே ஒரு நாள்தான். என் இணைப்பைத் தொட்டுப் போனவர் ஒரு நாளுக்குள் வாங்கினால்தான் அது என் கணக்கில் விழும். இந்த விதியை எழுதியவர் தன் வாழ்நாளில் ஒரு வன்னி விவசாயியைக் கண்டிருக்க மாட்டார். எங்கள் ஆட்கள் ஒரு மருந்து தெளிக்கும் மெசினை இன்று பார்த்தால் நாளைக்குப் பெண்சாதியிடம் கேட்பார்கள். பிறகு அதை வைத்திருக்கும் யாரோ ஒருவரின் வயலுக்குப் போய்ப் பிடித்துப் பார்ப்பார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும் என்பார்கள். கடைசியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை வெட்டி விற்றபின்தான் கை பைக்குள் போகும். அதுவரைக்கும் அவர்களுக்கு என்னை நன்றாக நினைவிருக்கும், வலையமைப்புக்குத்தான் மறந்துபோயிருக்கும்.

இரண்டாவது வலையமைப்புக்கு ஞாபகம் ஒரு மாதம் நிற்கும். அதன் மென்பொருளைப் பார்த்தால் ஆசை வரும். யார் எந்த நேரத்தில் தொட்டார், போனிலா கணினியிலா என்று வண்ண வண்ணமாகக் கோடு போட்டுக் காட்டும். ஆனால் அவர்கள் பணம் அனுப்பும் வழி எங்கள் வங்கிக்குச் சரிவரவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல அந்தக் கோடுகளைக் கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு விலகினேன்.

மூன்றாவது எங்கள் வங்கிக்கே அனுப்பும். ஆனால் அங்கே கடைசியாகத் தொட்ட இணைப்புக்குத்தான் கொமிசன். நான் ஒரு கிழமை மினக்கெட்டு, முற்றத்தில் தையல் மெசினைக் கழற்றிப் பூட்டி வீடியோ போடுவேன். பார்த்தவர் வாங்கப் போகிற நேரம், ஏதாவது தள்ளுபடி கிடைக்குமா என்று ஒரு கூப்பன் தளத்தை எட்டிப் பார்ப்பார். முடிந்தது. கொமிசன் கூப்பன் தளத்துக்கு, நாரி நோவு எனக்கு. நெல்லுக்கு இறைத்த தண்ணீர் முழுக்கப் புல்லுக்கே போன கதை. எனக்கு வந்த கோபத்தில் அவர்களுக்கு எழுதிய ஆங்கிலத்தை இப்போது வாசிக்க வெட்கமாக இருக்கிறது, ஆனால் கோபம் நியாயமானதுதான்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது வவுனியாவில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவின் ஏற்பாடு. இடம்பெயர்ந்து வெகுகாலம் வெளியில் இருந்துவிட்டு வந்து கடை திறந்தவர். சின்ன மென்பொருள் ஒன்றை வாங்கி, எனக்கென்று ஒரு சொல்லைக் குறியாகத் தந்திருக்கிறார். வாங்குபவர் இணைப்பைத் தொடத் தேவையில்லை. போனில் அழைத்து அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும், எத்தனை மாதம் கழித்துச் சொன்னாலும் கொமிசன் எனக்குத்தான். என் சொந்தக்காரர் வாங்கினாலும் கணக்கில் சேருமா என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ன தங்கச்சி இப்பிடிக் கேக்கிறீங்க? சொந்தக்காரருக்கு விக்கேலாதவன் வேற ஆருக்கு விக்கிறது?" என்றார்.

ஆனால் மோட்டாரை வைத்து மட்டும் வீடு ஓடாது. யாராவது வருசத்துக்கொரு மோட்டார் வாங்குவார்களா? ஆகவே சோறு போட்டது அந்த ஒரு நாள் ஞாபகக்காரர்தான்.

அது எப்படிச் சோறு போட்டது என்பதில்தான் சிக்கல் இருந்தது. எங்கள் ஆட்கள் இணைப்பைத் தொட மாட்டார்கள். தொட்டால் காசு போய்விடும் என்ற பயம், இணையத்தில் வாங்க வங்கி அட்டையும் இல்லை. வீட்டுக்கே வந்துவிடுவார்கள். முதலில் வந்தவர் எதிர்வீட்டு மச்சாள். என்னைவிட மூத்தவர், தையல் வேலை செய்கிறவர். தையல் மெசினுக்குப் பூட்டும் மோட்டாரை என் வீடியோவில் பார்த்துவிட்டு வந்து, காசை மேசையில் வைத்தார்.

"மச்சாள், எனக்கு உந்த விளையாட்டெல்லாம் தெரியாது. நீரே ஓடரைப் போட்டு விடும்."

நான் என் போனில், என் அட்டையில், என் இணைப்பால் போட்டுவிட்டேன். கூரியர்காரருக்கு எங்கள் ஒழுங்கை பிடிபடாது என்பதால் விலாசமும் என்னுடையதே. பிறகு ஒழுங்கை முழுக்க அப்படித்தான். சொந்த இணைப்பால் தானே வாங்கக் கூடாது என்று விதி இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் நான் எனக்காக வாங்கவில்லையே! எழுதத் தெரியாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால் அது நிரப்பியவரின் விண்ணப்பம் ஆகிவிடுமா?

ஆகிவிடும் என்று ஒரு காலையில் அந்த வலையமைப்பிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லா ஓடரும் ஒரே போன், ஒரே அட்டை, ஒரே விலாசம். கணக்கை நிறுத்திவைத்திருக்கிறோம், விளக்கம் தரவும் என்று இருந்தது. பை தைத்த கதிரைதான் கண்முன் வந்தது.

மச்சாளிடம் காட்டினேன். அவர் மின்னஞ்சலைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு என்ன நடந்தது என்று எனக்குப் பிந்தித்தான் தெரியும். என் மூலம் பொருள் வாங்கியவர்களை எல்லாம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, வாங்கிய பொருளோடு நிற்கவைத்து வீடியோ எடுத்திருக்கிறார். தேங்காய் திருவும் மெசினைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு ஒருவர், "அவா என்ர பெறாமகள். நேர்மையான பிள்ளை" என்கிறார். மருந்து மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு ஓர் அண்ணை, "என்ர கூடப்பிறந்த தங்கச்சி, பொய் சொல்லமாட்டா" என்கிறார். கூடவே பிறந்தாராம்! எனக்கு அண்ணனே இல்லை. மச்சாள் மோட்டார் பூட்டிய மெசினில் தைத்துக் காட்டிக்கொண்டே, "நான் அவான்ர சொந்த மச்சாள். எங்கட குடும்பத்து ஆளை விடுங்கோ ஐயா" என்று முடிக்கிறார். எல்லாவற்றையும் சந்தியில் உள்ள கணினிக் கடையில் கொடுத்து, ஆங்கிலத்தில் எழுதுவித்து, அந்த மின்னஞ்சல் விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

வலையமைப்பின் அடுத்த விதியை அவர்கள் எங்கே கண்டார்கள்? சொந்தக்காரர் வாங்கினாலும் கொமிசன் இல்லை.

இவர்கள் ஏன் சொந்தம் என்று சொன்னார்கள் என்று வலையமைப்புக்கு விளங்காது. எனக்கு விளங்கும். யுத்தம் முடிந்து எல்லோரும் வவுனியா முகாமில் அடைபட்டுக் கிடந்த காலத்தில், வெளியில் கூட்டிப்போக உறவுகள் வந்தவர்களைத்தான் முதலில் விட்டார்கள். நானும் அம்மாவும் ஒருவரும் இல்லாமல் இருந்தோம். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த இந்த எதிர்வீட்டு மச்சாளைக் கூட்டிப்போக அவருடைய மாமா வந்திருந்தார். மச்சாள் முகாம் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என்ர தம்பிக்குப் பேசி வச்ச பிள்ளை. இவவை விட்டிட்டு நான் போகமாட்டன்" என்றார். தம்பி எங்கே என்று காவலுக்கு நின்றவர்கள் கேட்டதற்கு, வெளிநாட்டில் என்றார். மச்சாளுக்குத் தம்பியே கிடையாது. அன்றைக்கு மூன்று பேரும் வெளியே வந்தோம். அன்றிலிருந்து நான் அவருக்கு மச்சாள், அவர் எனக்கு மச்சாள். எங்கள் பக்கத்தில் ஒரு வாசலில் ஆள் மறிபட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வலையமைப்பின் பதில் வந்தது. அனுப்பியவர்கள் உங்கள் உறவினர்கள் என்றால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும். இல்லை என்றால், இவர்களில் ஒருவரும் எனக்கு எந்த வகையிலும் உறவில்லை என்றும், இனி மற்றவர்களுக்காக நான் ஓடர் போடமாட்டேன் என்றும் எழுதி உறுதிப்படுத்த வேண்டும்.

உண்மையைத்தானே எழுதச் சொல்கிறார்கள்! இரத்தம் என்று பார்த்தால் அவர்களில் ஒருவர்கூட எனக்குச் சொந்தம் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. இரண்டாவது உறுதியை எழுதிவிட்டு, முதலாவதைத் தொடங்குவேன், அழிப்பேன். வலையமைப்பின்மேல் கோபம், மச்சாள்மேல் கோபம், எல்லாவற்றையும்விட அழுகை. மத்தியானம் மச்சாள் குசினி வழியாக உள்ளே வந்தார். என்ன எழுதச் சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"எழுதுமன்."

"எப்பிடி மச்சாள் எழுதிறது? நீங்கள் எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு?"

"அண்டைக்குச் சொந்தம் எண்டு சொன்னாத்தான் விடுவினம், சொன்னனாங்கள். இண்டைக்குச் சொந்தமில்லை எண்டு சொன்னாத்தான் விடுவினமாம். அதையும் சொல்லும். எங்களுக்கு ஆள் வெளியில வந்தாச் சரி."

அவர் பக்கத்தில் இருக்கவே எழுதினேன். அனுப்பும்போது கண் மங்கியது. அவர் என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

கிழமை முடியும் தறுவாயில் கணக்குத் திரும்பக் கிடைத்தது. வந்த மின்னஞ்சலை மச்சாளுக்குத் தமிழில் சொன்னேன். இந்த நபர்களுக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை என்பதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அப்ப நீர் தப்பிட்டீர்?"

"ஓம் மச்சாள்."

"நல்லது." மோட்டாரை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா, வெளிநாட்டில இருக்கிற என்ர தம்பியிட்ட மட்டும் சொல்லிப்போடாதையும். கவலைப்படுவான்."