ரயில் வராத ஸ்டேஷன்

பினாங்கில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. மணிக்கூண்டு இருந்தது, டிக்கெட் ஜன்னல்கள் இருந்தன, துரைமார்கள் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் இருந்தது, பெண்களுக்குத் தனி அறையும் அதில் ஆளுயரக் கண்ணாடியும் இருந்தன. ரயில் மட்டும் இல்லை. பேருக்கு ஒரு முழம் தண்டவாளம்கூடக் கிடையாது. ரயில் நின்றது கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில். இங்கே டிக்கெட் வாங்கி, பின்வாசல் வழியாகப் போய், ரயில்வேயின் பெர்ரிப் படகில் ஏறி, அக்கரையில் வண்டி பிடிக்க வேண்டும். பினாங்கில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். நானும் அப்பாவும் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

அப்பா அங்கே ஒரு சின்ன ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கரையில் தைப்பிங் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில், காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக வேலை பார்த்த ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுக்க அழைத்து வந்திருந்தார். மாப்பிள்ளை துறைமுகத்துக்கே வருவதாக எழுதியிருந்தார். "வேண்டாம், நான் ரயில்வேக்காரன், எனக்கு வழி தெரியும்" என்று அப்பா பதில் போட்டுவிட்டார். அதனால் அவர் பிறையில் காத்திருப்பதாக ஏற்பாடு. பிறை என்பது ரயில் போகிற வழியில் ஒரு ஸ்டேஷன் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

எனக்கு அம்மா இல்லை. கப்பலில் நான் வாந்தியும் அழுகையுமாகக் கிடந்தபோது அப்பா மனம் கேட்காமல் ஒன்று சொன்னார்: "நேர்ல பாரு. பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த கப்பல்ல திரும்பிடலாம்." அந்தக் காலத்தில் எந்த அப்பா அப்படிச் சொல்வார்? என்னுடைய அப்பா சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிடுவதென்று நான் பாதி முடிவே செய்திருந்தேன். போட்டோவில் அந்த மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, யாரையோ கைது செய்ய வந்தவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

ரிக்‌ஷாக்காரர் எங்களை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டார். அப்பா கம்பீரமாக இங்கிலீஷில் டிக்கெட் வாங்கினார். கூடத்து பெஞ்சில் என்னை உட்கார வைத்து, டிரங்குப் பெட்டியைக் காலடியில் நகர்த்திக்கொண்டு, கட்டடத்துக்கு மார்க் போட ஆரம்பித்தார். கூரை உயரம் சரி. கடிகாரம் பிரமாதம். பிளாட்பாரத்தைக் கண்ணில் காட்டாமல் கட்டியதுதான் தப்பு.

ஜனங்கள் முன்வாசலில் வந்து பின்வாசலில் போய்க்கொண்டே இருந்தார்கள். பின்வாசலில் கடல் தெரிந்தது. அவர்களெல்லாம் கப்பலுக்குப் போகிறவர்கள் என்று அப்பா அடித்துச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு மணி அடித்தது, சங்கு ஊதியது, கூடம் காலியாகிவிட்டது. எனக்குத் திக்கென்றது.

"யாரையாவது கேளுங்களேன்பா."

"எதைக் கேக்கறது?"

"வண்டி எப்போன்னு."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இத்தனை வருஷமா ஊர்ல இருக்கறவன்லாம் என்னைக் கேட்ட கேள்வி அது. அதை நான் போய் ஒரு போர்ட்டர்கிட்ட கேக்கணுமா? வண்டி வந்தா சத்தம் கேக்கும். சும்மா இரு."

சும்மா இருந்தோம். வெயில் ஜன்னலுக்கு ஜன்னல் நகர்ந்தது. அப்பா எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு, ரயில் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தார். அவரைப் பார்க்கக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கடைசியில் முகம் கழுவப் பெண்கள் அறைக்குப் போனேன். அங்கே கூட்டிப் பெருக்கும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னாம்மா, காலைலேர்ந்து இங்கேயே இருக்கீங்க? எங்க போகணும்?"

"தைப்பிங். ரயிலுக்குக் காத்துக்கிட்டிருக்கோம்."

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஐயோ, இங்க ரயிலே வராதுலா! போட்ல அக்கரைக்குப் போகணும். என்னைக்கும் அப்படித்தான். ஒங்க வண்டி எப்பவோ போயிருக்கும். சாயங்காலம் இன்னொண்ணு இருக்கு, போங்க போங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்க வேண்டாம். பெரிய ரயில்வேக்காரர்! கப்பலில் பட்ட பாட்டுக்கும் சேர்த்து வட்டியோடு வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று, வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

அப்பாவின் முன்னால் ஒருவர் நின்றிருந்தார். முறைப்பு இல்லாததால் ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. போட்டோவில் இருந்தவர்தான். பிறையில் எங்கள் வண்டி கிளம்பிப் போனதைப் பார்த்துவிட்டு, எங்களைத் தேடிப் படகேறி வந்திருக்கிறார். கோட்டு முதுகெல்லாம் வியர்வை. அப்பா எழுந்து நின்று விழித்துக்கொண்டிருந்தார். அப்படி வெலவெலத்துப்போய் அவரை நான் பார்த்ததே இல்லை.

"வண்டி... இன்னும் வரலையே மாப்பிள்ளை" என்றார்.

அந்த மனிதர் காலியான கூடத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"எப்படி மாமா வரும்? லைன்ல ஏதோ வேலையாம். இன்னைக்குன்னு பாத்து வண்டிய அந்தக் கரையிலேயே நிப்பாட்டிட்டாங்க. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா? சொல்லியிருக்கணும்லா!"

"அப்படிச் சொல்லுங்க!" அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் சொல்லலை?"

அப்போதுதான் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் உள்ளேயிருந்து உண்மையோடு வருகிறேன் என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். முன்பின் பார்த்திராத ஒரு கிழவரின் மானத்துக்காக.

"ஆமாம்பா," என்றேன். "உள்ளே இருக்கற அக்காவும் அதேதான் சொன்னாங்க."

பெட்டியை மாப்பிள்ளையே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். படகில் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, மரியாதைக்கு விலகிப் போய் நின்றுகொண்டார். அப்பா பெஞ்சுகளைப் பார்த்தார், டிக்கெட்டில் ஓட்டை போடுகிறவரைப் பார்த்தார், தினம் போய் வருகிற நிதானத்தோடு உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் ரயில்வேயில் இருந்தவரை எவ்வளவு நேரம்தான் ஏமாற்ற முடியும்?

என் பக்கம் குனிந்தார். "லைன்ல வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பொய் சொல்றான்டி உன் மாப்பிள்ளை."

"தெரியும்பா."

"நீயும்தான் சொன்னே."

படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப, அடுத்த கப்பலுக்கு என்ன சொல்லட்டும்?"

"நீங்க மட்டும் போறதாச் சொல்லுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறை வரும்வரை விடவில்லை.